ட்ரம்ப் ஏறலாம், தகாயிச்சி கூடாது

டோக்கியோவில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். (இந்த ஊரில் அது லேசுப்பட்ட காரியமில்லை. எரியும் குப்பை, எரியாத குப்பை, பாட்டில், பிளாஸ்டிக் என்று பிரித்து, கிழமை பார்த்துக் கொட்ட வேண்டும்.) சென்னைக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுகிறார்: ‘‘அந்த குண்டு மனுஷங்க கட்டிப் புரள்றதை எப்படி சார் உட்கார்ந்து பார்க்கறீங்க?’’

முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சுமோ அற்புதமான விளையாட்டு. எடைப் பிரிவு கிடையாது. நூற்றுப்பத்து கிலோக்காரர் நூற்றெழுபது கிலோக்காரரோடு மோதுவார், பல நாள் ஜெயிப்பார். ஆட்டம் பத்து செகண்டில் முடிந்துவிடும். ஜெயித்தவர் கையைத் தூக்கி ஆர்ப்பாட்டம் செய்யக் கூடாது. தோற்றவர் ஒரு வார்த்தை பேசாமல் தலை குனிந்து வணங்கிவிட்டு இறங்கிப் போவார். அம்பயரை முறைக்கிற நம் கிரிக்கெட் வீரர்களைப் பதினைந்து நாள் இங்கே கொண்டுவந்து உட்கார வைக்கலாம்.

எனக்குச் சண்டை விளையாட்டோடு இல்லை, அதை நடத்துகிறவர்களோடு. குறிப்பாக, எதைக் கேட்டாலும் அவர்கள் எடுத்துவிடுகிற ‘பாரம்பரியம்’ என்ற வார்த்தையோடு.

2018 ஏப்ரல் 4-ம் தேதி, க்யோத்தோ மாகாணத்தில் மைஸுரு என்ற ஊரில் (மைசூர் இல்லை) சுமோ கண்காட்சிப் போட்டி நடந்தது. ஊர் மேயர் ‘தோஹ்யோ’ எனப்படும் மண்மேடையில் ஏறிப் பேசிக்கொண்டிருந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக் கசிவு. சுற்றி நின்ற ஆண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்க, கூட்டத்திலிருந்து மருத்துவப் பயிற்சி உள்ள பெண்கள் ஓடிவந்து மேடையேறி, நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தார்கள். அப்போது ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு: பெண்கள் தயவுசெய்து மேடையை விட்டு இறங்கவும். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப.

ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது. காப்பாற்றிக்கொண்டிருப்பவரை ‘இறங்கும்மா கீழே’ என்கிறார்கள். பிறகு மேடையில் நிறைய உப்பைத் தூவினார்கள். யாருக்காவது அடிபட்டால் தூவுவது வழக்கம்தான், பெண்கள் ஏறியதற்காக இல்லை என்று விளக்கம் வந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம். மேயர் பிழைத்துக்கொண்டார். சுமோ சங்கத் தலைவர் ஹக்காகு மன்னிப்புக் கேட்டார். அறிவிப்புச் செய்த இளம் நடுவர் பதற்றத்தில் பேசிவிட்டாராம். பதற்றத்தில் வாயில் வருவது என்ன என்பதில்தானே ஐயா விஷயமே இருக்கிறது?

அதோடு திருந்தினார்களா? இரண்டே நாளில், தகராஸுகா நகரில் அடுத்த போட்டி. அங்கே மேயர் ஒரு பெண். ஆண் மேயர்கள் போல நானும் மேடையில் ஏறி வரவேற்புரை சொல்கிறேன் என்றார். முடியாது என்றுவிட்டார்கள். பக்கத்தில் ஒரு பலகை மேடை போட்டு அதில் நின்று பேச வைத்தார்கள். (தகராஸுகா எதற்குப் பெயர் போன ஊர் தெரியுமா? ஆண் வேஷத்தையும் பெண்களே கட்டும் நாடகக் குழுவுக்கு.) அதே வாரம் ஷிஸுவோகாவில் சின்னப் பிள்ளைகள் சுமோ வீரர்களோடு விளையாடும் நிகழ்ச்சியில் பெண் குழந்தைகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பாதுகாப்புக் காரணமாம்.

அந்த மாதக் கடைசியில் சங்கத் தலைவர் ஓர் அறிக்கை விட்டார். உயிர் காக்கும் அவசரத்தில் பெண்கள் ஏறலாம், மற்றபடி கூடாது. காரணங்கள் மூன்று: சுமோ ஷிண்தோ மதச் சடங்கிலிருந்து வந்தது, அது பாரம்பரியக் கலை, அந்த மேடை ஆண்கள் உயிரைக் கொடுத்துப் போராடும் இடம்.

முதல் காரணத்தைப் பார்ப்போம். மேடையின் நடுவே அரிசி, உப்பு, கடற்பாசி, காய்ந்த கணவாய் எல்லாம் புதைத்துப் பூஜை செய்வது உண்மைதான். சரி, அந்த மதத்தின் தலையாய தெய்வம் யார்? அமதேராஸு. சூரியன். பெண்! ஜப்பானியச் சக்ரவர்த்தியின் வம்சமே அவளிலிருந்து தொடங்குவதாகத்தான் புராணம். அவள் நேரில் வந்தால் ஒலிபெருக்கியில் என்ன சொல்வார்கள்?

இரண்டாவது, பாரம்பரியம். இங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. மேடைக்கு மேலே கோயில் கோபுரம் மாதிரி தொங்குகிறதே ஒரு கூரை, அதன் இப்போதைய வடிவம் 1931-ல் வந்தது. அதைத் தாங்க நான்கு தூண்கள் இருந்தன. பார்ப்பவர்களுக்கு மறைக்கிறது என்று 1952-ல் தூக்கிவிட்டார்கள். அடுத்த வருஷம் டி.வி. ஒளிபரப்பு ஆரம்பம். புராதனமாகத் தெரிகிற நடுவரின் உடை 1910-ல் மாற்றியது. யோகோஸுனா என்ற உச்சப் பட்டம் முறையான பதவியாக ஆனது 1909-ல். வருஷத்துக்கு ஆறு போட்டி என்பது 1958-லிருந்து. எடோ காலத்தில் பெண்கள் சுமோ பார்ப்பதற்கே தடை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பாரம்பரியமும் போய்விட்டது. டிக்கெட் விற்க வேண்டுமே.

ஆக, கேமராவுக்காகத் தூணைப் பிடுங்கலாம். வருமானத்துக்காகப் பெண்களை உள்ளே விடலாம். மேடையேறிக் கோப்பை கொடுப்பது மட்டும் தொட முடியாத புனிதம்.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ‘சுமோ’ என்ற சொல் எழுத்தில் முதலில் வருவது, 1300 வருஷத்துக்கு முந்தைய ‘நிஹோன் ஷோகி’ என்ற வரலாற்று நூலில், யூர்யாகு சக்ரவர்த்தியின் கதையில். அங்கே சுமோ போடுகிறவர்கள் யார்? அரண்மனைப் பெண்கள்.

மூன்றாவது காரணம், வீரர்களின் போராட்டக் களம். ரொம்பச் சரி. அப்படியானால் வீரர் அல்லாத எவரும் ஏறக் கூடாது என்று சொல்லுங்கள், நானே கை தட்டுகிறேன். ஆனால் 2001-ல் பிரதமர் கொயிஸுமி ஏறினார். காயம்பட்ட முழங்காலோடு ஜெயித்த தகனோஹனாவுக்குக் கோப்பை கொடுத்து, வலியைத் தாங்கி நின்றாய், நெகிழ்ந்துபோனேன் என்று உரக்கப் பேசி நாட்டையே உருக வைத்தார். 2019 மே மாதம் டொனால்ட் ட்ரம்ப் வந்தார். தரையில் சப்பணம் போட்டு உட்காரும் பகுதியில் அவருக்காக நாற்காலிகள் போட்டார்கள். செருப்புக் கால் படக் கூடாத அந்த மண்ணில் ஸ்லிப்பர் மாட்டிக்கொண்டு ஏறினார்! பெரிய கோப்பையைக் கொடுத்தார், இறங்கினார். அவர் எந்தக் காலத்தில் யாரோடு சுமோ போராடினார் என்று அறிக்கையில் விளக்கம் இல்லை.

1990-ல் பெண் அமைச்சர் மோரியாமா மாயுமி, பிரதமர் சார்பில் கோப்பை கொடுக்கிறேன் என்றபோது மறுத்தார்கள். ஜப்பானின் முதல் பெண் கவர்னர், ஒஸாகாவின் ஓதா ஃபுஸாயே, 2000-த்திலிருந்து தன் பதவிக்காலம் முழுக்கக் கேட்டும் நடக்கவில்லை. கவர்னர் பெயரிலான பரிசு, கவர்னர் கொடுக்கக் கூடாது!

2025 அக்டோபரில் தகாயிச்சி ஸனாயே ஜப்பானின் முதல் பெண் பிரதமரானார். நவம்பரில் ஃபுகுவோகாவில் போட்டி. முடிவு நாளன்று அவர் ஜி-20 மாநாட்டுக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். சங்கத்துக்கு நல்ல காலம். பிரதமர் கோப்பையை இன்னொருவர் ஏறிக் கொடுத்தார். வாங்கியவர் யார் தெரியுமா? அவோனிஷிகி. இருபத்தோரு வயது. உக்ரைன்காரர். 2022-ல் போருக்குத் தப்பி ஜப்பான் வந்து, நாலு வருஷத்துக்குள் சாம்பியன். வயிறு குளிர வாழ்த்துகிறேன். அதே சமயம் இந்தக் கணக்கையும் பாருங்கள்: போரிலிருந்து தப்பி வந்த வெளிநாட்டுப் பையன் ஏறலாம், நாட்டின் பிரதமர் ஏறக் கூடாது. தகாயிச்சி பழைமையில் ஊறியவர். இதற்காகச் சண்டை போடுகிற ரகம் இல்லை. அவர் விரும்புகிறாரா என்பது கேள்வியே இல்லை. விரும்பினால் முடியுமா?

‘வெளிநாட்டுக்காரனை மட்டும் எவ்வளவு தாராளமா ஏத்தறாங்க பாருங்க’ என்று அவசரப்பட்டுப் பாராட்டிவிடாதீர்கள். அது தனிக் கதை.

ஒரு பயிற்சிக்கூடத்துக்கு ஒரு வெளிநாட்டவர்தான். குடியுரிமை வாங்கி ஜப்பானியராகிவிட்டால்? 2010-லிருந்து அதுவும் செல்லாது. பிறப்பால் வெளிநாட்டவர் என்றால் அந்த ஒரே இடத்துக்குள்தான் கணக்கு. 1992-ல் ஹவாய்க்காரர் கோனிஷிகி மூன்றாவது முறை ஜெயித்தும் யோகோஸுனா ஆக்கவில்லை. பட்டத்துக்குப் பரிந்துரை செய்யும் குழுவின் உறுப்பினரே ஒருவர், அயல்நாட்டு யோகோஸுனா நமக்கு வேண்டாம் என்ற பொருளில் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். மறு வருஷம் இன்னொரு ஹவாய்க்காரர் அகேபோனோ அந்தப் பட்டத்தை வாங்கினார். அதன்பின் மங்கோலியர்கள் வரிசையாக வந்தார்கள்.

2016 ஜனவரியில் கோதோஷோகிகு ஜெயித்தபோது பேப்பர்களெல்லாம் கொண்டாடின: பத்து வருஷத்துக்குப் பின் ‘ஜப்பானில் பிறந்த’ முதல் சாம்பியன்! ‘ஜப்பானிய’ சாம்பியன் என்று ஏன் போடவில்லை? போட முடியாது. நாலு வருஷம் முன்பே, 2012-ல், க்யோகுதென்ஹோ என்பவர் ஜெயித்துவிட்டார். மங்கோலியாவில் பிறந்து 2005-ல் ஜப்பானியக் குடியுரிமை பெற்றவர். பாஸ்போர்ட்டில் ஜப்பானியர், தலைப்புச் செய்தியில் இல்லை. ஒரு மனிதரை விலக்குவதற்காகவே ஒரு புது வார்த்தை!

ஹகுஹோவின் கதை இன்னும் மோசம். நாற்பத்தைந்து சாம்பியன் பட்டம். யாரும் கிட்டே வர முடியாத சாதனை. ஓய்வுக்குப் பின் பயிற்சியாளராகச் சங்கத்தில் தொடர ஜப்பானியக் குடியுரிமை கட்டாயம். அவர் அப்பா 1968 ஒலிம்பிக்ஸ் மல்யுத்தத்தில் வெள்ளி வாங்கிய மங்கோலியத் தேசிய வீரர். மகன் நாட்டை விட்டுக்கொடுக்கத் தயங்கியது யாருக்கும் புரியும். அப்பா 2018-ல் இறந்தார். மறு வருஷம் மகன் ஜப்பானியரானார். தாய்ஹோ, கிதனோஉமி, தகனோஹனா போன்ற மகா யோகோஸுனாக்களுக்குத் தங்கள் மல்யுத்தப் பெயரிலேயே ஆயுளுக்கும் தொடரும் தனிக் கௌரவம் கொடுத்திருந்தார்கள். ஹகுஹோவின் முறை வந்தபோது, 2021-ல், சங்கம் நியமித்த நிபுணர் குழு சொன்னது: விதிகளில் அப்படி ஒன்றே கிடையாது. பாரம்பரியம் எப்போது இருக்கும், எப்போது இருக்காது என்பது புரிகிறதா?

ஹகுஹோ உத்தமர் என்று நான் சொல்லவில்லை. முழங்கையை முகத்தில் வீசும் பழக்கத்தைப் பலர் கண்டித்தார்கள், நியாயம்தான். அவருடைய சீடன் ஒருவன் மற்றவர்களை அடித்த விவகாரத்தில் 2024-ல் அவர் பயிற்சிக்கூடமே மூடப்பட்டது. 2025 ஜூனில் அவர் சங்கத்தை விட்டே வெளியேறினார். ஆனால் அடிதடி மங்கோலியாவிலிருந்து இறக்குமதியான சரக்கு இல்லை. 2007-ல் பதினேழு வயதுப் பயிற்சிப் பையனை அடித்தே கொன்றார்கள். சிறைக்குப் போன குரு ஜப்பானியர்தான்.

‘‘உனக்கெதுக்குய்யா இந்த வம்பு? பிழைக்கப் போன இடத்தில் வாயை மூடிக்கிட்டு இரேன்’’ என்று சொல்கிறீர்கள். இங்கேயும் அதைத்தான் நாசூக்காகச் சொல்கிறார்கள். சபரிமலையை வைத்துக்கொண்டு பேச வந்துட்டியா என்றும் கேட்பீர்கள். கேளுங்கள். மைஸுரு நடந்த அதே 2018-ல்தான் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் வந்தது. அங்கே நடந்ததைப் பற்றியும் என் அபிப்பிராயம் இதேதான். ஒரு வித்தியாசம், சுமோ சங்கம் கோயில் இல்லை. அது பொதுநல அமைப்பு என்று பதிவாகி வரிச் சலுகை பெறுகிறது. அந்தச் சலுகையின் மறுபக்கத்தில், என் சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள். சுமோவை ஒளிபரப்பும் என்.ஹெச்.கே.வுக்கு நான் சந்தா கட்டுகிறேன்.

என்னைப் போல சுமார் நாற்பது லட்சம் வெளிநாட்டவர்கள் இங்கே வசிக்கிறோம். 2025 ஜூலை மேல்சபைத் தேர்தலில் ‘ஜப்பானியரே முதலில்’ என்ற கோஷத்தோடு ஸான்ஸெய்தோ கட்சி பதினாலு இடம் ஜெயித்தது. அதற்கு வெகுமுன்பே, நீதித்துறை அமைச்சகம் நடத்திய ஆய்வில், வாடகை வீடு தேடிய வெளிநாட்டவரில் நூற்றுக்கு நாற்பது பேர், வெளிநாட்டவர் என்ற காரணத்துக்காகவே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். நானும் அந்த நாற்பதில் ஒருத்தன். புரோக்கர் போனை வைத்துவிட்டு மிக மரியாதையாகத் தலை குனிந்தார், வீட்டுக்காரருக்கு ‘வழக்கமில்லை’யாம். ஜப்பானும் சரி, இந்தியாவும் சரி, இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. பழைய பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கலாமா என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு க்யோகுதென்ஹோ ஞாபகம் வந்துவிடுகிறது.

ர்யோகோகு அரங்கில் ஜனவரி, மே, செப்டம்பரில் போட்டி. டோக்கியோ வந்தால் குடும்பத்தோடு போய்ப் பாருங்கள், ஒரு நாள் முழுக்க இருக்கலாம். பெண் ரசிகைகள் வீரர் பெயர் எழுதிய துண்டைத் தூக்கிப் பிடித்துக் கத்துவதைப் பார்ப்பீர்கள். அவர்களுக்கு ‘ஸூஜோ’ என்று செல்லப் பெயர்கூட உண்டு. டிக்கெட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விலைதான் போட்டிருக்கிறது.