சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?

வைத்தியர் எழுதிக் கொடுக்கும் சீட்டில் மருந்தின் பெயரைக் கவனமாய்ப் படிக்கிற நாம், பக்கத்திலுள்ள “ஆகாரத்துக்கு முன்”, “ஆகாரத்துக்குப் பின்” என்னும் குறிப்பை வெறும் உபசார மொழியாக எண்ணி விட்டுவிடுகிறோம். எப்படியும் வயிற்றுக்குள் போனால் சரி என்பது பொதுவான அபிப்பிராயம். ஆனால் பெருங்குடலில் புண் கண்டு, மாதக்கணக்காய் ரத்தமும் சீதமுமாய்ப் போய் மெலிந்திருக்கும் நோயாளியின் விஷயத்தில், அந்தக் குறிப்பை அலட்சியம் செய்வது மருந்தையே வீணாக்குவதாக முடியலாம்.

இந்நோய்க்குத் தரப்படும் மெசலசீன் விசித்திரமான சுபாவம் உடையது. உறையில்லாமல் விழுங்கினால் சிறுகுடலின் மேற்பகுதியே அதில் பெரும் பங்கை உறிஞ்சிவிடும். புண் இருக்கும் இடத்துக்கு மிச்சம் கொஞ்சமே. ஸ்வீடன் தேசத்து நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர், மூட்டு வாதத்துக்காக உருவாக்கிய ஸல்பாஸலசீன் என்ற மருந்து குடல் புண்ணையும் ஆற்றுவதை 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டார். பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அம்மருந்தை இரண்டாகப் பிளக்கின்றன. அவ்வாறு பிரியும் மெசலசீனே குணம் தருவது என்பதை 1977-ல் ஆக்ஸ்போர்டில் நிரூபித்தார்கள். அதற்குப் பின், மெசலசீனை மட்டும் தனியே உறையிலிட்டு அனுப்பும் உபாயங்கள் பல பிறந்தன. சில உறைகள் அமிலத்தில் கரையாமல், பி.எச். அளவு 7-ஐ எட்டும் சிறுகுடலின் கடைக்கோடியில்தான் கரையும். இன்னும் சில ஆராய்ச்சிக் கூடுகள் கடிகாரம் போல், விழுங்கிய இத்தனை மணிக்குப் பின் என்று கணக்கிட்டுத் திறப்பவை. நம் நாட்டுக் கொத்தவரை விதைப் பிசினையும் இதற்கு உறையாக்கிப் பார்த்திருக்கிறார்கள். பெருங்குடல் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்க்க, மருந்து வெளிப்படும்!

இவ்வளவு சாமர்த்தியத்தையும் ஒரு வேளைச் சாப்பாடு குலைத்துவிடக் கூடும். இரைப்பையின் கோடியில் ஒரு வாயிற்காவலன் உண்டு. ஆகாரம் உள்ளே இருக்கும் வரையில், நன்றாய் அரைபட்ட கூழை மட்டுமே அவன் சிறுகச் சிறுக வெளியே விடுவான். இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கட்டியைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்துவான். வயிறு காலியானபின், ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மணிக்கு ஒரு தரம், வீட்டைப் பெருக்கித் தள்ளுவது போல் பலமான அலை ஒன்று எழும். கரையாத முழு மாத்திரை அந்த அலையில்தான் வெளியேறும். காலையில் வயிறு நிறையப் பலகாரம், பதினொரு மணிக்குச் சாப்பாடு, மூன்று மணிக்குக் காபியும் முறுக்கும் என்று நாம் ஓயாமல் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தால் அலை எழுவது எப்போது? மாத்திரை பல மணி நேரம் அங்கேயே கிடக்கும். சிறுகுடலுக்கு இந்தத் தயக்கம் இல்லை. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், சுமார் மூன்று நான்கு மணியில் அது கடத்திவிடும்.

ஆகவே கடிகாரக் கூட்டின் பாடு திண்டாட்டம். ரயில் இத்தனை மணிக்குப் புறப்பட்டால் எப்போது போய்ச் சேரும் என்று வகுப்பில் கணக்குக் கொடுக்கிறோமே, புறப்படும் நேரமே நிச்சயமில்லை என்றால் பையன் என்ன விடை எழுதுவான்? ஐந்து மணியில் திறக்க வேண்டிய கூடு ஆறு மணி இரைப்பையில் தங்கினால் அங்கேயே திறந்துகொள்ளும்.

கடுகு போன்ற சிறு மணிகளாகச் செய்த மருந்துக்கு இவ்விடையூறு குறைவு. அவை கூழோடு கலந்து நழுவிவிடும். ஆகையால்தான் ஒரே மெசலசீனில் ஒரு தயாரிப்பைச் சாப்பாட்டுக்கு முன்பும், மற்றொன்றைச் சாப்பாட்டோடும் கொள்ளச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன விதி நமக்குப் பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

நெஞ்செரிச்சலுக்கான கார மருந்தை வைத்தியரைக் கேளாமல் கூடவே விழுங்குவதும் தகாது; உறை முன்னதாகவே இளகக் கூடும். வயதானவரால் விழுங்க முடியவில்லை என்று உறையிட்ட மாத்திரையை அம்மியில் பொடித்துத் தேனில் குழைத்துத் தரும் அன்பு இருக்கிறதே, அது எல்லாவற்றிலும் ஆபத்தானது. உறை போனால் மருந்து வழியிலேயே செலவாகிவிடும். விழுங்க முடியாதவர்களுக்கு மணி வடிவ மருந்து உண்டா என்று வைத்தியரைக் கேட்கலாம்.

சொல்லக் கூச்சப்படும் விஷயம் ஒன்று. சில சமயம் மாத்திரையின் வெறும் ஓடு மலத்தில் காணும். அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. முழு மாத்திரையே அடிக்கடி வெளிவருமானால், கூச்சத்தை விட்டு உடனே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.