சோற்றுக் கணக்கு

தஞ்சைத் தரணியில் சோற்றைக் குறை சொல்பவனுக்கு நல்ல பெயர் கிடைக்காது. சோற்றின் மீது வழக்குத் தொடுக்க நான் வரவில்லை, மாணவ நண்பர்களே. இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் ஒரு கணக்கை உங்கள் முன் வைக்கிறேன்.

100 கிராம் அரிசி ஏறக்குறைய 1,450 கிலோ ஜூல் ஆற்றலைத் தருகிறது. இது எவ்வளவு பெரியது? தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் சுமார் 60 மீட்டர். அவ்வளவு உயரத்திற்கு ஒரு படிக்கட்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 50 கிலோ எடையுள்ள ஒருவர் அதன் உச்சிக்கு ஏறினால், புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை 50 × 9.8 × 60, அதாவது 29,400 ஜூல். நம் தசைகள் தாம் பெறும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கையே வேலையாக மாற்றுகின்றன, எஞ்சியது வெப்பமாகிறது. எனவே மொத்தச் செலவு சுமார் 120 கிலோ ஜூல். இனி வகுத்துப் பாருங்கள். 100 கிராம் அரிசி செலவாக 12 முறை ஏற வேண்டும்! (இறங்கும்போதும் சிறிது செலவாகும், அதை விட்டுவிட்டேன்.)

"காலையில் அரைமணி நடந்துவிட்டேன், இன்னும் ஒரு கரண்டி போடு" என்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். நடப்பது இதயத்திற்கு நல்லது. ஆனால் அந்த அரைமணி, ஒரு கரண்டிச் சோற்றுக்கே ஏறக்குறையச் சரியாகிவிடும்.

அப்படியானால் நம் பாட்டனார்கள் குவித்துச் சாப்பிட்டார்களே? சாப்பிட்டார்கள். நாற்று பறித்து, சேற்றில் குனிந்து நட்டு, களையெடுத்து, கதிரறுத்து, கட்டுகளைத் தலையில் சுமந்து களத்தில் அடித்தார்கள். இன்று உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு அறுவடை இயந்திரம். நடவுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. முதுகெலும்பை முறிக்கும் உழைப்பு குறைந்தது நல்லதே. அதற்காக ஏங்குவோர் பெரும்பாலும் அதைச் செய்திராதவர்கள். உழைப்பு போயிற்று, இலையிலுள்ள குவியல் மட்டும் அப்படியே இருக்கிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. குவியல் மட்டுமே இதற்குக் காரணமன்று. ஆனால் நம் கையால் மாற்றக்கூடிய காரணம் அது.

"நாங்கள் புழுங்கல் அரிசிதானே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டுப் பகுதியிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து நீரோடு அரிசியின் உட்புறம் ஊடுருவுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் ஒரு பங்கு தங்கிவிடுகிறது. பச்சரிசியைத் தீட்டி உண்டவர்களைப் பெரிபெரி நோய் வாட்டியபோது, புழுங்கல் அரிசி உண்டவர்கள் பெரிதும் தப்பியது இதனால்தான். ஆனால் மாவுச்சத்து அதே அளவுதான். சப்பாத்திக்கு மாறுவோர்க்கும் இதுவே பதில்: 100 கிராம் கோதுமை மாவும் ஆற்றலில் அரிசிக்கு ஏறக்குறையச் சமம்.

எனக்குப் பிடிக்காத வழக்கம் ஒன்று உண்டு. அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் அவருக்கு மட்டும் தனிச் சமையல்; மற்றவர்களுக்குப் பழைய குவியல். அம்மாவுக்கோ இரட்டை வேலை. ஒரே பானை, ஒரே பழக்கம் உள்ள வீட்டில் ஒருவர் மட்டும் மாறி எத்தனை நாள் நிலைப்பார்? மாறினால் வீடு முழுவதும் மாற வேண்டும். சோறு குறைந்த இடத்தில் கீரையும் வாழைத்தண்டும் பயறும் வரவேண்டும். சம்பா, தாளடி அறுவடைக்குப் பின் நம் வயலே உளுந்துக்கும் பாசிப்பயற்றுக்கும் மாறுகிறதல்லவா? இலை மாறினால் என்ன?

உபதேசம் வேண்டாம்; அளந்து பாருங்கள். மாதத் தொடக்கத்தில் வீட்டிலுள்ள அரிசியை எடை போடுங்கள். இடையில் வாங்குவதைக் கூட்டி, மாதக் கடைசியில் மீந்ததைக் கழியுங்கள். வந்ததை ஆட்களின் எண்ணிக்கையாலும் நாட்களாலும் வகுத்தால், ஒருவரின் ஒருநாள் பங்கு கிடைக்கும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, நாளொன்றுக்கு 2,000 கிலோ கலோரி தேவைப்படுபவருக்கு எல்லாத் தானியமும் சேர்த்து 250 கிராமும், காய்கறி 400 கிராமும் சொல்கிறது. உங்கள் விடையை அதனருகில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டுங்கள். இட்லி மாவுக்குப் போகும் அரிசியைச் சேர்க்க மறக்காதீர்கள். வீட்டில் யாரேனும் இன்றும் நடவுக்கோ மூட்டை தூக்கவோ போகிறார் என்றால், அவருக்குரிய பங்கு அதிகம். அவர் தட்டில் கை வைக்காதீர்கள். வளரும் பிள்ளைகளான நீங்களும் பட்டினி கிடந்து கணக்கைச் சரிசெய்ய வேண்டாம்.