மணிக்குச் சோறு யார் போடுவது?

எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸாப் குழுவில் வருஷத்துக்கு மூன்று நான்கு முறையாவது அந்தப் பதிவு வந்துவிடும். சோபாவில் ஒரு நாய் படுத்திருக்கும் படம். 'கனத்த இதயத்துடன்' என்று ஆரம்பிக்கும். அடுத்த வாரம் வெளிநாடு செல்கிறோம், எங்கள் செல்லத்துக்கு அன்பான நிரந்தர வீடு தேவை, தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு, குழந்தைகளோடு நன்றாகப் பழகும், சீரியஸாகக் கேட்பவர்கள் மட்டும் அழைக்கவும். கீழே அழுகிற முகங்களும் கும்பிடுகிற கைகளும் வரிசையாக விழும். ஒருத்தர்கூட 'நான் எடுத்துக்கறேன்' என்று எழுதியதில்லை.

எனக்குக் கோபம் வருவது 'கனத்த இதயம்' என்பதில் அல்ல, 'அடுத்த வாரம்' என்பதில். விசா அடுத்த வாரம் வந்து குதித்ததா? ஐ.டி. கம்பெனிகளில் நோட்டீஸ் பீரியடே பெரும்பாலும் மூன்று மாதம். அதற்கு முன்னால் இன்டர்வியூ, ஆஃபர் லெட்டர், மெடிக்கல், வீட்டை வாடகைக்கு விடுவது, காரை விற்பது. காருக்கு ஆறு மாதம் முன்பே ஓஎல்எக்ஸில் விளம்பரம் போட்டவர்கள் நாய்க்கு மட்டும் ஏன் ஏழு நாள் வைத்தார்கள்? கார் போகாவிட்டால் நஷ்டம் அவர்களுக்கு. நாய் போகாவிட்டால் நஷ்டம் வேறு யாருக்கோ.

அந்த வேறு யாரோ ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் கேட்டில் இரவுப் பணி பார்ப்பவர், செய்யாறு பக்கத்துக்காரர், சம்பளம் பதின்மூன்றாயிரம். போன வருஷம் மூன்றாவது மாடிக்காரர்கள் டொராண்டோ போனபோது அவர்களுடைய லாப்ரடாரை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதன் பெயர் மோச்சா. அவர் வாயில் அது நுழையவில்லை. இரண்டே நாளில் மணி ஆகிவிட்டது.

"நீங்களா கேட்டு வாங்கினீங்கண்ணே?" என்றேன்.

"நான் எங்க தம்பி கேட்டேன். லிப்ட்டாண்ட வந்து சங்கிலிய கைல குடுத்துட்டாங்க. அந்தம்மா அழுவுது. அழுவுறவங்ககிட்ட எப்படிப் போய் மாட்டேன்னு சொல்றது?"

கூடவே பாதி காலியான தீனி மூட்டை ஒன்றும் இரண்டாயிரம் ரூபாயும். மூட்டை இரண்டு வாரம்கூட வரவில்லை. முப்பது கிலோ நாய் சார் அது, பிஸ்கட்டிலா வளரும்? அவர் தன் டிபன் பாக்ஸிலிருந்து போட்டார். கடையில் தலைக்கறி, கால் என்று கழிக்கிறதை வாங்கிவந்து அரிசியோடு வேகவைத்தார். மழைக்காலத்தில் உண்ணி வந்து தோல் புண்ணானது. டாக்டரிடம் போன அன்றைக்கு எண்ணூறு ரூபாய். அடுத்த மாதம் அசோசியேஷன் கூட்டத்தில் ஒரு புகார் வந்தது: 'வாட்ச்மேன் நாய் வளர்க்கக் கூடாது.' கவனியுங்கள். மூன்றாவது மாடியில் இருந்தவரை அது 'நம்ம மோச்சா'. அதே நாய், அதே அடுக்ககம். லிஃப்ட்டில் மூன்று மாடி இறங்கியதும் வாட்ச்மேன் நாய்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். விட்டுவிட்டுப் போகப்படும் நாய் எப்போதும் கீழ்நோக்கியே கைமாறுகிறது. மகனிடமிருந்து வயதான அம்மாவுக்கு, வீட்டு எஜமானியிடமிருந்து பாத்திரம் தேய்க்கிற அக்காவுக்கு, ஃபிளாட் ஓனரிடமிருந்து காவலாளிக்கு, கடைசியாகத் தெருவுக்கு. மறுக்க முடியாதவர்களிடம்தான் அது போய்ச் சேருகிறது. பரிவு என்ற பெயரில் நடக்கும் இந்த ஏற்றுமதி இறக்குமதியில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

நானும் செய்தவன்தான். இருபத்திமூன்று வயதில் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது என் நாயை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். முழங்கால் வலியோடு ஒன்பது வருஷம் காலையும் மாலையும் அதை நடத்திக்கொண்டு போனவர் அம்மா. பிறகு ஒருநாள், 'நீதானம்மா பாத்துக்கறேன்னு சொன்ன' என்றேன். 'நீ எங்கடா கேட்ட, சொன்ன' என்றார். பெங்களூருக்கே இந்தக் கதை. டொராண்டோவுக்குச் சொல்லவே வேண்டாம்.

சரி, 'சட்டம் விடல' என்ற பதிலுக்கு வருவோம். இதை அழுத்தமாகச் சொல்பவர்களில் பெரும்பாலோர் சட்டத்தைத் திறந்தே பார்த்ததில்லை. மூன்றாவது மாடிக்காரர்கள் போன கனடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் கனடா ஒரு தடை கொண்டுவந்தது. இந்தியா உள்ளிட்ட, ரேபிஸ் அபாயம் அதிகமுள்ள நாடுகளிலிருந்து விற்பனைக்காக நாய்களைக் கொண்டுவரக் கூடாது. வீட்டில் வளர்த்த சொந்த நாய்க்கு அந்தத் தடை இல்லை. அதற்கு முக்கியமாகக் கேட்பது செல்லுபடியாகும் ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழ். ரத்தப் பரிசோதனை இல்லை, குவாரன்டைன் இல்லை. தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு என்று அவர்களே வாட்ஸாப்பில் எழுதியிருந்தார்கள்!

ஐரோப்பிய ஒன்றியம் கடினம்தான், ஆனால் முடியாததில்லை. முதலில் மைக்ரோசிப், அதன் பிறகு ரேபிஸ் ஊசி. வரிசை முக்கியம், ஊசியைப் போட்டுவிட்டுச் சிப் வைத்தால் அந்த ஊசி கணக்கில் வராது, பலர் தடுக்கி விழும் இடம் இது. ஊசி போட்டு முப்பது நாளாவது கழித்து ரத்தம் எடுத்து அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புத்திறன் மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட்டாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆக, நான்கு மாதம். பிரிட்டனுக்கும் ஏறக்குறைய இதே கணக்கு. கூடவே நாடாப்புழு மருந்து, அதோடு நாய் சரக்காகத்தான் போய் இறங்க வேண்டும். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் விதிகளை இறுக்கியது: ஆறு மாத வயது, சிப், இந்தியா மாதிரி நாடுகளிலிருந்து வந்தால் அரசு கால்நடை மருத்துவர் ஒப்பமிட்ட படிவம், இறங்கும் ஊரில் பதிவு செய்யப்பட்ட பராமரிப்பு மையத்தில் முன்பதிவு. ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இல்லையென்றால் இருபத்தெட்டு நாள் குவாரன்டைன். இங்கே ஒன்றிய அரசின் சான்றிதழ் வாங்க வேண்டிய அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. நான்கு மாதம் என்பது உங்கள் நோட்டீஸ் பீரியடைவிட ஒரு மாதம் அதிகம். அவ்வளவுதான்.

இந்த விதிகளைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. உலகில் ரேபிஸால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நோய் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. நம் தெரு நாய்களுக்கு நாம் ஒழுங்காக ஊசி போட்டிருந்தால் அவன் ஏன் நம்மைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கப் போகிறான்? ஊசி மறுதவணை தவறிய வளர்ப்பு நாய் ஒன்றைத் தெருவில் விட்டுவிட்டு விமானம் ஏறுகிறவர், அடுத்து வருகிறவருக்கு அந்தக் கூண்டை இன்னும் இறுக்கிவிட்டுத்தான் போகிறார்.

நிஜமாகவே கதவு சாத்தியிருக்கும் இடங்களும் உண்டு. ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நேரடியாக நாயை எடுக்காது. அங்கீகரிக்கப்பட்ட வேறொரு நாட்டில் மாதக்கணக்கில் வைத்திருந்து, பிறகு மெல்போர்ன் குவாரன்டைனுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே யாருக்கும் சலுகை கிடையாது. 2015இல் நடிகர் ஜானி டெப்பின் இரண்டு குட்டி நாய்கள் அறிவிக்காமல் உள்ளே போனபோது, திருப்பி அனுப்பு, இல்லையென்றால் கொன்றுவிடுவோம் என்று விவசாய அமைச்சரே மிரட்டினார். சிங்கப்பூரில் அரசு அடுக்குமாடி வீடு என்றால் அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களின் பட்டியல் இருக்கிறது. அந்த வீட்டுக்கு நம்ம ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ போக முடியாது. இந்த ஊர்களுக்குப் போகிறவர்கள் 'சட்டம் விடல' என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்போதும் 'அடுத்த வாரம்' ஏன்?

பணம். இது நியாயமான பதில். பெரிய நாயை சரக்காக அனுப்ப, ஏஜென்ட் கட்டணத்தோடு லட்சங்களில் ஆகும். கல்விக்கடன் வாங்கிப் படிக்கப் போகிற பிள்ளையிடம் அதைக் கேட்பது அயோக்கியத்தனம். ஆனால் சென்னை வெயிலில் ஏசி போட்டு ஹஸ்கி வளர்த்தவர் 'நாய்க்கு மூணு லட்சமா?' என்று கேட்கும்போது எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அதைவிட, 'மனுஷனே கஷ்டப்படறான், நாய்க்குப் போய் செலவு பண்ணுவாங்களா' என்கிற மனிதநேயர்கள். ஐயா, அந்தக் கஷ்டப்படுகிற மனுஷன்தான் உங்கள் நாய்க்கு இப்போது சோறு போட்டுக்கொண்டிருக்கிறான்.

எதிர்முகாமிலும் எனக்கு நண்பர்கள் இல்லை. எந்த நிலையிலும் கூட்டிப்போயே தீருவேன் என்று நிற்பவர்கள் நாயைப் பார்ப்பதில்லை, தங்கள் அன்பைத்தான் பார்க்கிறார்கள். 2003 வாக்கில் ஹட்ச் விளம்பரத்தைப் பார்த்து ஊரே பக் வாங்கியது. அந்தச் சப்பை மூக்கு நாய்க்கு ஏசி அறையிலேயே மூச்சு இரைக்கும். விமானத்தின் அடிவயிற்றில் பல நிறுவனங்கள் அதை ஏற்றவே மறுக்கின்றன, சரியாகவே மறுக்கின்றன. பதிமூன்று வயதில் இதயம் பலவீனமான கிழநாயை இருபது மணி நேரம் கூண்டில் அடைத்துக் கொண்டுபோவதைவிட, அதற்குப் பழகிய திண்ணையில் பழகிய ஒருவரோடு விட்டுப்போவது மேல். விட்டுப்போவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. கேட்டு விடுங்கள், மாதாமாதம் பணம் அனுப்பி விடுங்கள், டாக்டர் நம்பரோடு விடுங்கள். டாலரில் சம்பாதிக்கிறவருக்கு மாதம் ஐந்தாயிரம் ரூபாய் என்பது சனிக்கிழமை பிட்சா.

சட்டத்திடம் போகலாமா? போய்ப் பாருங்கள். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில், பசியிலோ தாகத்திலோ வாடும்படி ஒரு விலங்கைக் காரணமின்றிக் கைவிடுவதும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஐம்பதுதான், பூஜ்யம் எதுவும் விட்டுப்போகவில்லை. விமான நிலையத்தில் ஒரு டீ குடிக்கக்கூட அது பத்தாது.

2022இல் உக்ரைனிலிருந்து நம் மாணவர்கள் ஓடிவந்தார்களே, நினைவிருக்கிறதா? குண்டு விழுந்துகொண்டிருந்த ஊரிலிருந்து சிலர் நாயையும் பூனையையும் மார்பில் கட்டிக்கொண்டு எல்லைவரை நடந்தார்கள். இருபது வயதுப் பிள்ளைகள். நாயில்லாமல் வரமாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்தவரும் உண்டு. கடைசியில் நம் அரசே விதியைத் தளர்த்தி, இந்த ஒரு தடவை கொண்டுவரலாம் என்றது. இங்கே ஓ.எம்.ஆரில் குண்டு எதுவும் விழவில்லை.

இந்தக் குழுவில் தருமனும் நாயும் கதையை ஃபார்வர்டு செய்யாதவர்கள் கிடையாது. சொர்க்க வாசலில் இந்திரன், உலகத்தின் முதல் இமிக்ரேஷன் ஆபீசர், நாய்க்கு அனுமதி இல்லை என்கிறான். அப்படியானால் நானும் வரவில்லை என்கிறான் தருமன். எனக்கு அந்தக் கதையில் பிடிக்காதது அதன் முடிவு. நாய் தருமதேவதையாக மாறிவிடுகிறது. அது வெறும் நாயாகவே, உண்ணி பிடித்த நாயாகவே இருந்திருந்தால் இவர்கள் இத்தனை முறை ஃபார்வர்டு செய்திருப்பார்களா என்று சந்தேகம்.

போன செவ்வாய்க்கிழமை மறுபடியும் ஒரு படம் வந்தது. பீகிள், இரண்டு வயது, ஞாயிற்றுக்கிழமை ஃபிளைட். கனத்த இதயம். நான் கீழே ஒரே ஒரு வரி எழுதினேன்: 'விசாவுக்கு எப்ப அப்ளை பண்ணீங்க?' பத்து நிமிஷத்தில் அட்மின் அதை நீக்கிவிட்டு, குழுவில் கண்ணியம் காக்கவும் என்று போட்டார்.

அன்று ராத்திரி கேட்டைத் திறந்துவிட வந்த அண்ணன் என் வண்டி ஜன்னலில் குனிந்தார். பின்னால் மணி உட்கார்ந்திருந்தது.

"ஐஞ்சாவது மாடில இன்னொண்ணு இருக்காமே தம்பி. அது சின்னதுதானே? எவ்ளோ துன்னும்?"