உத்தரவு வாயில், பழி தாளில்

நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர் வட்டத்துக் காவிரிக் கரையில் இரவோடு இரவாக ஏறும் மணல் வண்டி ஒன்றை நிறுத்த எத்தனை பேருக்கு அதிகாரம் இருக்கிறது? கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் ஒரு பக்கம். ஆறு நீர்வளத் துறையின் பொறுப்பு, அதற்கொரு பொறியாளர். மணல் சிறுகனிமம், அதற்குக் கனிமவளத் துறை உதவி இயக்குநர். திருட்டு என்றால் காவல் நிலையம். பாரம், பெர்மிட் என்றால் மோட்டார் வாகன ஆய்வாளர். இப்படி ஐந்து துறைகள் காவல் நிற்கும் ஆற்றில், புகார் சொல்லப் போகிறவருக்குக் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “அது எங்க லிமிட் இல்லீங்க.”

இந்தப் பதிலை அலட்சியம், லஞ்சம் என்று இரண்டு சொற்களில் முடித்துவிடுகிறோம். இரண்டும் இருக்கின்றன; மறுக்கவில்லை. ஆனால் நேர்மையான அதிகாரியும் அதே பதிலைச் சொல்கிறாரே, அது ஏன்? பக்கத்து மேசைக்காரரை அவர் நம்பவில்லை. மேலே இருப்பவர் தன்னைக் காப்பார் என்றும் நம்பவில்லை. அமலாக்கத் துறைகளுக்குள் நடக்கும் சண்டையையும் சோர்வையும் ‘அவங்களுக்குள்ள பஞ்சாயத்து’ என்று நாம் ஒதுக்கிவைக்கிறோம். அந்தப் பஞ்சாயத்தின் விலையைக் கொடுப்பது ஆறும், நாம் வாங்கும் உணவும், நம் கோயில்களும்தான்.

மணல் வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டத்தில் 22-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதிகாரம் பெற்ற அலுவலர் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் அந்தச் சட்டப்படியான குற்றத்தைக் கையில் எடுக்க முடியும். மணலை எடுத்தது திருட்டு என்ற வகையில் போலீஸ் தானாகவே வழக்குப் போடலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அதற்குப் பிறகும் பழைய தயக்கம் முழுதாகப் போகவில்லை. புகார் வரட்டும் என்று காவல் நிலையம் காத்திருக்க, வண்டியைப் பிடித்துக் கொடுங்கள் என்று வருவாய்த் துறை காத்திருக்க, விடிந்துவிடுகிறது.

புகார் எழுதுகிறவருக்கு என்ன ஆகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். 2023 ஏப்ரல் 25 அன்று தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். மணல் திருட்டைப் பற்றிப் போலீசில் புகார் கொடுத்தவர் அவர். அதே ஆண்டு செப்டம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தீர்ப்பு விரைவாக வந்தது நல்லது. ஆனால் தமிழகம் முழுவதும் உள்ள கிராம நிர்வாக அலுவலர்கள் அந்தத் தீர்ப்பிலிருந்தா பாடம் படித்திருப்பார்கள், அந்தக் கொலையிலிருந்தா? பட்டப்பகலில், அரசு அலுவலகத்துக்குள், தனியாக இருந்த மனிதர் அவர்.

அரசு அலுவலகங்களில் சோர்வு எங்கே பிறக்கிறது என்று கேட்டால் என் பதில் இது: உத்தரவு வாய்மொழியாக இறங்குகிறது; பழி எழுத்தாக வந்து சேர்கிறது. ‘மேல இருந்து ஃபோன்’ என்பதற்குச் சாட்சி கிடையாது. வண்டியை விடு, சாம்பிள் எடுக்காதே, இன்றைக்கே கைது செய் என்பவை எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. நாளை விவகாரம் வெடித்தால் மெமோ வரும். பிறகு ‘17பி’ வரும். தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு, மேல்முறையீட்டு விதிகளில் 17-ஆம் விதியின் ‘பி’ உட்பிரிவுதான் பெருந்தண்டனைக்கான வழி. வட்டாட்சியர் அலுவலகத்தில் இந்த எண்ணைச் சொன்னாலே முகம் மாறும். அது நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏறுவது கடினம். பணி முடியும் கடைசி நாளில் இடைநீக்கம் செய்து ஓய்வூதியப் பலன்களை முடக்கிவைக்கும் பழக்கமும் இங்கே நெடுங்காலம் இருந்தது. அதைக் கைவிட அரசே 2021-இல்தான் முன்வந்தது. இந்த அமைப்புக்குள் முப்பது ஆண்டு ஓட்ட வேண்டிய ஒருவர் சக அதிகாரியைத் தோழராகப் பார்ப்பாரா, நாளைக்குத் தன் மேல் பழியைத் தள்ளக்கூடியவராகப் பார்ப்பாரா?

இதன் முழு உருவத்தைத் தமிழகம் ஒருமுறை வெட்டவெளிச்சத்தில் பார்த்தது. 2018 டிசம்பரில் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவைச் சேர்ந்த பத்துக்கும் மேற்பட்ட அதிகாரிகள் டிஜிபி அலுவலகத்துக்குச் சேர்ந்து போய், தங்களை வழிநடத்திய பொன். மாணிக்கவேல் மீதே புகார் கொடுத்தார்கள். விதிகளுக்குப் புறம்பாக வழக்குப் போடவும் கைது செய்யவும் நெருக்குகிறார், மறுத்தால் மிரட்டுகிறார் என்பது அவர்கள் புகாரின் சாரம். இவர்கள் வேலை செய்வதில்லை, ஒத்துழைப்பதில்லை என்பது அவர் தரப்பின் சாரம். சீருடைப் பணியில் கீழதிகாரிகள் கூட்டமாகப் போய் மேலதிகாரிக்கு எதிராகப் பத்திரிகையாளர்கள் முன் பேசுவது சாதாரணமான காட்சியல்ல.

அந்தப் பிரிவு 1983-இல் தொடங்கப்பட்டது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடப்பட்டு, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கிவைத்திருந்த நடராஜர் 2014-இல் திரும்பி வந்ததற்குப் பின்னால் அதன் உழைப்பு இருக்கிறது. சிலைக் கடத்தல் வழக்கில் சுபாஷ் கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022-இல் பத்தாண்டுச் சிறை விதித்ததற்குப் பின்னாலும் இருக்கிறது. அப்படிப்பட்ட பிரிவு ஏன் உடைந்தது?

மாணிக்கவேலின் குணத்தைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. அவரை வீரராக்கி மற்ற எல்லோரையும் துரோகிகளாக்கியவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் போதவில்லை. நடந்ததை வரிசையாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 2017 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சிலை வழக்குகளை அவர் தலைமையில் ஒன்றுசேர்த்தது. 2018 ஆகஸ்ட் 1 அன்று மாநில அரசு அந்த வழக்குகளை சிபிஐக்கு மாற்றி ஆணையிட்டது. அவர் ஓய்வு பெற்ற நவம்பர் 30 அன்று உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்து, அவரையே ஓராண்டுக்குச் சிறப்பு அதிகாரியாக நியமித்தது. அவருக்குக் கீழே இருந்த ஒரு டிஎஸ்பியின் இடத்தில் நின்று இதை நினைத்துப் பாருங்கள். வழக்கு பற்றிய உத்தரவு நீதிமன்றம் நியமித்த சிறப்பு அதிகாரியிடமிருந்து வரும். சம்பளமும் இடமாற்றமும் பதவி உயர்வும் தண்டனையும் டிஜிபி அலுவலகத்திலிருந்து வரும். அந்தச் சிறப்பு அதிகாரி வேண்டாம் என்று அரசே உச்ச நீதிமன்றம் போகிறது. அவர் சொன்னதைச் செய்தால் ஓராண்டு கழித்து யார் காப்பார்? செய்யாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் யார் பதில் சொல்வார்? அதே பிரிவில் பணியாற்றிய ஒரு டிஎஸ்பியே சிலைகளை விற்றதாகக் கைதாகியிருந்த நேரம் அது. ஒருவரையொருவர் சந்தேகிக்க வேறென்ன வேண்டும்?

நீதிமன்றத்தின் நோக்கத்தில் எனக்குக் குறை தோன்றவில்லை. காணாமல் போன தெய்வங்களுக்காக அது அக்கறை காட்டியது. ஆனால் வழிமுறையில் ஒரு பள்ளம் இருந்தது. தலைவருக்குக் கவசம் கொடுத்தவர்கள், அவருக்குக் கீழே இருந்தவர்களுக்கு எதுவும் கொடுக்கவில்லை. அரசோ அந்தப் பள்ளத்தை மூட முயலாமல் அகலமாக்கியது.

அதன் பின்விளைவு நீண்டது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவரை நீடிக்கவிட்டாலும் அவர் அதிகாரத்தைச் சுருக்கியது. நவம்பரில் பதவிக்காலம் முடிந்ததும் கோப்புகளை ஒப்படைப்பதே தனி வழக்கானது. கைதான அந்த டிஎஸ்பியின் மனுமீது 2022-இல் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட, 2024 ஆகஸ்டில் மாணிக்கவேலின் வீட்டில் சிபிஐ சோதனை நடத்தியது. அவருக்கு முன்ஜாமீன் கிடைத்தது. யார் பக்கம் உண்மை என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். சிலை தேட வேண்டிய மனித உழைப்பில் எத்தனை ஆண்டுகள் இப்படி ஒருவரையொருவர் தேடுவதில் கழிந்தன என்பதுதான் என் மனத்தை அறுக்கிறது. பரமத்தி வேலூர்ப் பகுதியிலும் நன்செய் இடையாறு போன்ற ஊர்களில் பழங்கோயில்கள் இருக்கின்றன; அவற்றையும் காக்க வேண்டியது அதே பிரிவுதான்.

மாநில அமைப்பு சரியில்லை, சிபிஐயிடம் கொடுங்கள் என்று சொன்னவர்களுக்கும், அரசு சிலை வழக்குகளை சிபிஐக்கு மாற்றிய ஆண்டே பதில் வந்தது. 2018 அக்டோபரில் சிபிஐ தன் தலைமையகத்திலேயே சோதனை நடத்தித் தன் டிஎஸ்பி ஒருவரைக் கைது செய்தது. இயக்குநர் அலோக் வர்மாவும் சிறப்பு இயக்குநர் ராகேஷ் அஸ்தானாவும் ஒருவர்மீது ஒருவர் ஊழல் புகார் சொல்ல, நள்ளிரவில் இருவரும் விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். மேலே போனால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அந்த இரவோடு போயிருக்க வேண்டும்.

எல்லாச் சண்டையும் இப்படித் தலைப்புச் செய்தியாவதில்லை. பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தைக்கு வரும் சிப்பங்களைப் பற்றி யோசிப்போம். வெளுப்பான நிறத்துக்காக ஆலைக் கொட்டகையில் சபோலைட் என்ற ரசாயனம் போடுவதும், கரும்புச் சாறு குறைந்தால் அஸ்கா சர்க்கரை கொட்டுவதும் இந்தப் பக்கத்தில் பழைய குற்றச்சாட்டு. பிடிக்க வேண்டியது உணவுப் பாதுகாப்புத் துறை. அந்தத் துறையே ஒட்டுப்போட்டுத் தைத்த துணி. புதிய சட்டம் 2011 ஆகஸ்ட் 5 அன்று நடைமுறைக்கு வந்தபோது, உள்ளாட்சிகளிலும் பொதுச் சுகாதாரத் துறையிலும் இருந்தவர்கள் உணவுப் பாதுகாப்பு அலுவலர்களாக வந்தார்கள். மாவட்டத்தில் அவர்களுக்கு மேலே நியமன அலுவலர். அந்த இடத்தில் பெரும்பாலும் மருத்துவர்களே இருந்துவந்திருக்கிறார்கள். கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்கியவருக்கு மேலே போகும் படி குறுகலாகவும், மேலே வருபவருக்கு இந்தத் துறை ஒரு நிறுத்தமாகவும் இருந்தால், இருவருக்கும் நடுவில் மனத்தாங்கல் வராமல் இருக்காது.

அதனால் என்ன என்று கேட்கலாம். அலுவலர் எடுத்த மாதிரி ஆய்வகம் போக வேண்டும். அறிக்கை நியமன அலுவலருக்கு வர வேண்டும். தரம் குறைவென்றால் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னும், உயிருக்குக் கேடென்றால் குற்றவியல் நீதிமன்றத்துக்கும் போக வேண்டும். குற்றம் நடந்து ஓராண்டுக்குள் நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். காரணம் எழுதி ஆணையர் மூன்றாண்டுவரை நீட்டிக்கலாம். இந்தச் சங்கிலியில் இரண்டு பேர் பேசாமல் இருந்தால் போதும். யாரும் லஞ்சம் வாங்காமலே வழக்கு காலாவதியாகிவிடும்.

நாமக்கல் மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் சொந்தமான ஒரு துயரமும் உண்டு. 2015 செப்டம்பர் 18 அன்று திருச்செங்கோடு டிஎஸ்பி விஷ்ணுபிரியா தன் முகாம் இல்லத்தில் இறந்துகிடந்தார். வயது 27. கோகுல்ராஜ் கொலை வழக்கை விசாரித்துவந்தவர். மேலதிகாரிகளின் நெருக்கடியே காரணம் என்று குடும்பமும் தோழியும் குற்றம் சாட்டினார்கள். சிபிசிஐடி விசாரித்தது, பிறகு சிபிஐ விசாரித்து, ஆதாரம் இல்லையென்று வழக்கை முடிக்கக் கோரியது. ஆதாரம் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் ஓர் இளம் அதிகாரி தனக்கு நெருக்கடி என்று உணரும்போது, தண்டனைக்கு அஞ்சாமல் போய்ச் சொல்ல மாவட்டத்தில் ஓர் இடம் இருந்ததா? இன்றைக்கு இருக்கிறதா? ஊழலை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் 2014-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியும் நடைமுறைக்கு வராமல் கிடக்கிறது.

அமலாக்கத் துறைகளுக்குள் இதைவிடக் கடும் பகையிலிருந்து மீண்ட ஊர்கள் இருக்கின்றன. ஹாங்காங்கில் 1974-இல் ஊழல் ஒழிப்பு ஆணையம் வந்தது. 1977-இல் போலீஸ்காரர்கள் அதன் அலுவலகத்துக்குள் புகுந்து ஆணைய ஊழியர்களையே அடித்தார்கள். ஆளுநர் பழைய குற்றங்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவிக்க வேண்டிவந்தது. பலருக்கு அது கசப்பான முடிவு. ஆனாலும் ஆணையம் நிலைத்தது. எடுத்த புகாரை அதிகாரிகள் தாங்களாகவே மூடிவிட முடியாதபடி, வெளியார் அமர்ந்த மறுஆய்வுக் குழு ஒவ்வொன்றையும் பார்க்கும் ஏற்பாடு அங்கே இருந்தது அதற்கொரு காரணம். கோப்பை மூடுபவர் காரணம் சொல்ல வேண்டும் என்று வந்துவிட்டால், மூடச் சொல்லி வரும் ஃபோனுக்குப் பலம் குறைகிறது.

இங்கும் அதற்கான கருவிகள் இல்லாமல் இல்லை. 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காவல் அதிகாரிகளுக்குக் குறைந்தது இரண்டாண்டுப் பணிக்காலம் வேண்டும் என்றது. 2013 அக்டோபரில் டி.எஸ்.ஆர். சுப்ரமணியன் வழக்கில், வாய்மொழி உத்தரவுகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று சொன்னது. இரண்டாவது தீர்ப்பு ஐஏஎஸ் அதிகாரிகளோடு நின்றுவிடக் கூடாது. வாய்மொழி உத்தரவை அன்றே பதிவேட்டில் எழுதி, சொன்னவருக்கு ஒரு படி அனுப்பும் உரிமை கிராம நிர்வாக அலுவலருக்கும் எஸ்.ஐ.க்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் வேண்டும். அப்படி எழுதியதற்காக எழுதியவரை இடமாற்றக் கூடாது என்று அரசாணையும் வேண்டும். மேலதிகாரிகள் இதைக் கீழ்ப்படியாமை என்பார்கள். சொன்னதைத் தாளில் பார்க்க மறுக்கிறவருக்குக் கீழ்ப்படிதலைக் கேட்கும் தகுதி இல்லை என்று நான் நினைக்கிறேன்.

வட்ட அளவில் இன்னொன்றும் உடனே செய்யலாம். மணல் புகார் ஒவ்வொன்றும் எந்தத் துறைக்கு எந்தத் தேதியில் போனது, யாரிடம் நிற்கிறது, ஏன் மூடப்பட்டது என்ற பட்டியலை மாதம் ஒருமுறை பரமத்தி வேலூர் வட்டாட்சியர் அலுவலகப் பலகையில் ஒட்டலாம். புகார் கொடுத்தவர் பெயர் அதில் வர வேண்டாம். வெல்ல மாதிரிகளுக்கும் அப்படியொரு பட்டியல், எடுத்த தேதியும் ஆய்வக முடிவு வந்த தேதியும் பக்கம் பக்கமாக. கேட்காமலே தகவலை வெளியிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு 2005 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. புதிய சட்டமோ நிதியோ தேவையில்லை. மாவட்ட ஆட்சியர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும், அதையும் எழுத்தில்.