பட்டம் வாங்கும் மூளையைப் பட்டினி போடலாமா?

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று ஆரம்பப் பள்ளியில் படித்தோம். தேர்வுக் கட்டுரையில் அந்தப் பழமொழியை எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். பல்கலைக்கழக வாசலை மிதித்ததும் சுவரை மறந்துவிட்டோம். சித்திரம் மட்டும் அழகாக வர வேண்டும் என்று இரவு பகலாக உழைக்கிறோம். காலையில் வெறும் வயிற்றோடு விரிவுரைக்கு ஓட்டம், மதியம் கிடைத்ததைத் தின்பது, நள்ளிரவில் மாமாக் கடை, விடியும்வரை இடுபணி. "எல்லாம் மாணவப் பருவத்தில் சகஜம்தானே?" என்று கேட்பவர்கள் நம்மில் பலர். சகஜம் என்பதால் ஒன்று சரியாகிவிடுமா என்பதுதான் என் கேள்வி.

உயிர் மருத்துவ அறிவியல் பயிலும் மாணவி என்ற முறையிலும், நம் கழகத்தின் நிகழ்ச்சிகளில் மூன்றாண்டுகள் ஓடியாடி உழைத்தவள் என்ற முறையிலும் சில கருத்துகளை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். உடல்நலம் என்றால் ஐம்பது வயதுக்காரர்களின் கவலை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆகவே, இன்றைக்கே நமக்குத் தேவைப்படும் ஓர் உறுப்பைப் பற்றிப் பேசுவோம். அதுதான் மூளை.

இரண்டு பங்கு எடை, இருபது பங்கு பசி

நம் உடல் எடையில் மூளையின் பங்கு ஏறக்குறைய 2 விழுக்காடுதான். ஆனால், உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. தூங்கும்போதும் இந்தச் செலவு நிற்பதில்லை. தசையைப்போல மூளையால் சக்தியைப் பெரிய அளவில் சேமித்து வைக்கவும் இயலாது. இரத்தம் கொண்டுவந்து தரும் குளுக்கோசையும் ஆக்சிஜனையும் நம்பித்தான் அது நொடிக்கு நொடி இயங்குகிறது.

"அப்படியானால் நிறைய சீனி சாப்பிட்டால் நிறைய அறிவு வருமா?" என்று ஒரு தோழி வேடிக்கையாகக் கேட்டாள். மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும். ஆனால், அது சீராக வரவேண்டும். சோறு, பருப்பு, காய்கறி, மீன் என்று உண்ணும்போது மாவுச்சத்து மெதுவாகக் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. இனிப்புப் பானத்தைக் குடித்தால் சீனி சடுதியில் ஏறுகிறது; அதை இறக்க இன்சுலின் விரைகிறது. நீரும் அப்படித்தான். உடல் எடையில் 2 விழுக்காடு அளவுக்கு நீர் குறைந்தாலே கவனம் சிதறத் தொடங்கும் என்கின்றன ஆய்வுகள். குளிரூட்டப்பட்ட விரிவுரை மண்டபத்தில் தாகம் தெரிவதில்லை. தலைவலி மட்டும் தெரிகிறது.

தூக்கத்தைத் திருடும் பெருமை

"மூன்று நாளாகத் தூங்கவில்லை" என்று சொல்வது நம்மிடையே ஒரு விருதாகிவிட்டது. அப்படிச் சொல்பவரைச் சுற்றியிருப்பவர்கள் வியப்போடு பார்க்கிறார்கள். உண்மையில் பரிதாபத்தோடு பார்க்க வேண்டும்.

பகலில் படித்ததை மூளை முதலில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் துணையோடு பதிவு செய்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில்தான் அந்தப் பதிவுகள் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்கப்பட்டு நிலைபெறுகின்றன. எனவே, படித்துவிட்டுத் தூங்காமல் இருப்பது, தட்டச்சு செய்த கோப்பைச் சேமிக்காமல் கணினியை அணைப்பதற்குச் சமம். 2012, 2013-ஆம் ஆண்டுகளில் எலிகளிடம் செய்யப்பட்ட ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. மூளையில் தேங்கும் கழிவுகளைத் திரவம் ஒன்று கழுவிக்கொண்டு போகிறது. தூக்கத்தின்போது அந்த வேலை மும்முரமாக நடக்கிறது. மனிதர்களிடம் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது.

இரவு பதினொரு மணிக்குக் குடிக்கும் தே தாரிக் அல்லது கோப்பி என்ன செய்கிறது? களைப்பை மூளைக்கு அறிவிக்கும் அடினோசின் என்ற பொருளின் இருக்கையில் காஃபின் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு நீங்குவதில்லை, செய்திதான் தடுக்கப்படுகிறது. குடித்த காஃபினில் பாதி வெளியேறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். அதாவது, விடியற்காலை நான்கு மணிக்கும் பாதி உள்ளேயே இருக்கும்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் இருக்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் செயல்திறன் அளவுக்குக் குறைகிறது என்பதை 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மலேசியாவில் 2020-இல் திருத்தப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டம் வாகனமோட்டிகளுக்கு வைத்திருக்கும் எல்லையும் அதே அளவுதான். காலை ஏழு மணிக்கு எழுந்த மாணவன், நள்ளிரவு கடந்து ஒத்திகை முடித்து மோட்டார் சைக்கிளில் விடுதிக்குத் திரும்புகிறான். அவன் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. இருந்தும் அவனுடைய மூளை குடித்தவன் மூளையைப் போல்தான் சாலையைப் பார்க்கிறது. கலை இரவு வெற்றி பெற வேண்டும்தான். அதற்கு இந்த விலையா?

தோட்டத்து உணவு, மேசை வாழ்க்கை

இனி நம் சமூகத்தைப் பற்றி. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. பத்துப் பேரில் மூவர்! இனிப்புநீர் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியவில்லை. 2023-இல் நாட்டின் மொத்த விகிதம் 15.6-ஆகக் குறைந்தது ஆறுதல்தான். ஆனாலும், நம் வீட்டு விருந்துகளில் சாப்பாட்டுக்கு முன் மாத்திரைப் பெட்டியைத் திறப்பவர்களை எண்ணிப் பாருங்கள், புள்ளிவிவரம் தேவைப்படாது.

ஏன் நமக்கு மட்டும் இவ்வளவு? மரபணுவுக்குப் பங்கு உண்டு. தெற்காசியர்களுக்கு ஒல்லியாக இருக்கும்போதே வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்கிறது. ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டும்போதே கவனம் தேவை என்று 2004-இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு சொன்னது. ஆனால், மரபணுவின்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது. என் பார்வையில் இதற்கு ஒரு வரலாறும் உண்டு.

என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர். இருட்டு விலகுமுன் பெரட்டுக்குப் போய், நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, மேடு பள்ளத்தில் பால் வாளியைச் சுமந்து நடந்தவர். அவருக்குத் தட்டு நிறைய சோறும் இனிப்பான தேநீரும் தேவைப்பட்டன. அந்த உணவு முழுவதும் வியர்வையாகக் கரைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நாம் பட்டணத்திற்கு வந்தோம், பிள்ளைகள் படித்தார்கள். இது பெருமைப்பட வேண்டிய மாற்றம். ஆனால், உழைப்பைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டுத் தட்டை மட்டும் பட்டணத்திற்குக் கொண்டுவந்துவிட்டோம். அதோடு குளிர்பானத்தையும் மூன்று வேளைப் பொரியலையும் சேர்த்துக்கொண்டோம். தாத்தாவின் சாப்பாடும் பேரனின் நாற்காலியும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

இனிப்புநீர் என்றதும் நமக்குக் காலும் கண்ணும் சிறுநீரகமும் நினைவுக்கு வருகின்றன. என் பெரியப்பாவுக்கு முதலில் கால் விரல் போனது. பிறகு வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு. அவர் கடைசி ஆண்டுகளில் பேரப் பிள்ளைகளின் பெயர்களை மாற்றிமாற்றி அழைத்தபோது, "வயசாகிடுச்சு" என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். வயது மட்டும்தான் காரணமா? கண்ணிலும் சிறுநீரகத்திலும் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கும் அதே நோய், மூளையின் குழாய்களையும் கெடுக்கிறது. மறதி நோய்களில் ஏறக்குறைய 45 விழுக்காட்டுக்குத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடிய 14 காரணங்களோடு தொடர்பு உண்டு என்று 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் குழு அறிவித்தது. இனிப்புநீர், உயர் இரத்த அழுத்தம், புகைத்தல், அளவுக்கு மீறிய மது, உடலுழைப்பின்மை, உடல் பருமன் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. இவற்றில் பலவற்றுக்கு விதை விழுவது இருபது வயதுகளில்தான்.

மாத்திரையில் மூளை வளருமா?

தேர்வு நெருங்கினால் நினைவாற்றல் மாத்திரைகளும் கோழிச் சாறும் விடுதி அறைகளில் வரிசையாக நிற்கின்றன. ஜின்கோ என்ற மூலிகைக்கு உலகெங்கும் பெரிய பெயர். மூவாயிரத்துக்கும் அதிகமான முதியவர்களிடம் ஆண்டுக்கணக்கில் சோதித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், அது மறதி நோயைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. மாறாக, 2011-இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஓராண்டு முறையாக நடைப்பயிற்சி செய்த முதியவர்களின் ஹிப்போகேம்பஸ் ஏறக்குறைய 2 விழுக்காடு வளர்ந்திருந்தது. நடப்பதற்குக் கட்டணம் இல்லை. விளம்பரமும் இல்லை. அதனால்தானோ என்னவோ நாம் அதை நம்புவதில்லை!

வள்ளுவர் 'மருந்து' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார், 95-ஆவது அதிகாரம். அதில் எந்த மூலிகையின் பெயரும் கிடையாது. பத்துக் குறள்களில் ஆறு, எப்படி உண்ண வேண்டும் என்பதைப் பற்றியவை. முன் உண்டது செரித்ததா, பசிக்கிறதா, அளவு தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டு உண்ணச் சொல்கிறார். திருக்குறள் மனனப் போட்டி நடத்தும் நாம், போட்டி முடிந்ததும் சிரப் பண்டோங்கும் பொரித்த கோழியும் பரிமாறுகிறோம்.

பணம் இருந்தால்தானே?

"நல்ல உணவு சாப்பிடப் பணம் வேண்டாமா? கல்விக் கடனில் காலம் தள்ளுகிறோம். மாதக் கடைசியில் உடனடி மீதான் சோறு" என்று சிலர் சொல்லக்கூடும். இது நியாயமான வாதம். வெளிநாட்டுப் பழங்களையும் விலையுயர்ந்த மீனையும் பரிந்துரைக்கும் அறிவுரை நமக்கு உதவாது. ஆனால், நல்லது எல்லாமே விலை அதிகம் என்பதும் உண்மையன்று. மூளைக்கு நல்லதான ஒமேகா-3 கொழுப்பு கெம்போங் மீனிலும் மத்தியிலும் உண்டு. முட்டை, பருப்பு, கொண்டைக்கடலை, கீரை, வாழைப்பழம் எல்லாம் நம் சமையலறையில் இருப்பவைதாம். சாம்பாரோடு இரண்டு தோசை எந்தச் சத்துமாவுக்கும் குறைந்ததல்ல. உடனடி மீயில் ஒரு முட்டையையும் கைப்பிடிக் கீரையையும் போட்டு, மசாலாத் தூளில் பாதியைக் கொட்டிவிடுவதற்கும் பெரிய செலவாகாது.

பானத்தில் மிச்சமே பிடிக்கலாம். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி மொத்தச் சக்தியில் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்பது 2015-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. பின்னது ஏறக்குறைய 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. மாமாக் கடையில் தே தாரிக்கில் ஊற்றப்படும் டின்னைத் திருப்பிப் படியுங்கள். பெரும்பாலும் அது பாலன்று. சீனியும் செம்பனை எண்ணெயும் பால்மாவும் கலந்த கிரிமர். "தே ஓ கோசோங்" என்று கேட்டால் விலையும் குறைவு, சீனியும் இல்லை. அரசாங்கம் 2019-இல் புட்டிப் பானங்களுக்குச் சீனி வரி விதித்தது. சிங்கப்பூர், பானங்களுக்குத் தர எழுத்திடும் முறையை 2022-இன் இறுதியில் தொடங்கியது. அரசாங்கங்கள் செய்வதைச் செய்யட்டும். குவளையைக் கையில் எடுப்பது நாம்தானே?

மாற்றம் நம் கழகத்திலிருந்து

தனிமனிதரிடம் மட்டும் ஒழுக்கத்தைப் போதித்துவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. பழக்கம் கூட்டத்தில் பிறக்கிறது; கூட்டத்தில்தான் மாறும். நான்கு பரிந்துரைகளைச் செயலவையின் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஒத்திகைகள் இரவு பத்தரை மணிக்கு முடிய வேண்டும். மண்டபம் கிடைப்பதில்லை, வகுப்புகள் மாலைவரை நீள்கின்றன என்பது எனக்கும் தெரியும். அப்படியென்றால் இரண்டு வாரம் முன்னதாகத் தொடங்குவோம். இரண்டாவது, கழகக் கூட்டங்களில் குடிநீரும் சீனியில்லாத தேநீரும் வைப்போம். கறிபாப்புக்குப் பதில் சுண்டலும் பழமும் தருவோம். மூன்றாவது, மருத்துவப் புலத்துத் தமிழ் மாணவர்களின் துணையோடு ஆண்டுக்கொரு முறை இரத்தச் சீனி, இரத்த அழுத்தப் பரிசோதனை நடத்துவோம். ஊசி முனையில் ஒரு சொட்டு இரத்தம், சில நிமிடங்கள், அவ்வளவுதான். நான்காவது வேண்டுகோள் முன்னாள் மாணவர்களுக்கு. ஆண்டுதோறும் கோப்பைகளுக்கும் நினைவுச் சின்னங்களுக்கும் நன்கொடை தருகிறீர்கள், நன்றி. அதில் ஒரு பங்கை, மாதக் கடைசியில் பசியோடு படிக்கும் தம்பி தங்கையரின் உணவுச் சீட்டுக்கு ஒதுக்குங்கள். வாங்குபவர் பெயர் வெளியே தெரியாமல் அதைச் செய்ய முடியும்.

நள்ளிரவுக் கடை அரட்டையில்தான் நட்பு வளர்கிறது என்று வாதிடும் நண்பர்களுக்கு ஒரு சொல். ரொட்டி சானாய்க்கு நான் பகையில்லை. வாரத்தில் ஒரு நாள் போவோம், மனம்விட்டுச் சிரிப்போம். மற்ற நாள்களில் மாலை ஆறு மணிக்குத் திடலைச் சுற்றி நடந்துகொண்டே அரட்டை அடிப்போம். பேசுவதற்கு நமக்கு விஷயமா பஞ்சம்?

பால்மரக் காட்டிலிருந்து ஒரு தலைமுறை தன் முதுகெலும்பைத் தேய்த்து நம்மை இந்த விரிவுரை மண்டபங்களுக்கு அனுப்பியது. நாம் படித்த தமிழும் பெற்ற பட்டமும் எழுபது வயதிலும் நம் நினைவில் இருக்க வேண்டும். பேரப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அதற்கான வேலையை அடுத்த பருவத்தின் முதல் செயலவைக் கூட்டத்திலேயே தொடங்குவோம். அந்தக் கூட்டம் ஒன்பதரைக்கு முடியட்டும்!