மனநோயாளருக்கும் சம்பளம் வேண்டும்

திராட்சைத் தோட்ட வேலையாட்கள் பற்றிய உவமையில், மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளியில் சும்மா நின்றவர்களிடம் தோட்ட உரிமையாளர் காரணம் கேட்கிறார். தங்களை ஒருவரும் வேலைக்கு எடுக்கவில்லை என்கிறார்கள் அவர்கள். இறைவனின் தாராளத்தைப் பற்றி மறையுரையில் நீட்டிப் பேசும் குருக்களாகிய நாம் இந்தப் பதிலைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். அவர்கள் சோம்பேறிகள் என்றோ இயலாதவர்கள் என்றோ அங்கு சொல்லப்படவில்லை. கூப்பிட ஆளில்லை, அவ்வளவுதான்.

நெளுக்குளத்திலும் அவ்வாறு நிற்போர் உளர். காலையில் மன்னார் வீதியால் மேசன்மாரும் கடைச் சிப்பந்திகளும் வவுனியா நகருக்குப் போய் முடிந்தபின் ஊருக்குள் நடந்து பார்த்தால் அவர்களைக் காணலாம். மனச்சிதைவு நோய்க்கு மாதாமாதம் ஊசி போட்டு, காதில் கேட்ட குரல்கள் அடங்கி, நித்திரை சீராகி, செய்வதற்கு மட்டும் ஒன்றுமில்லாமல் திண்ணையில் குந்தியிருப்பவர்கள். வைத்தியர் தம் கடமையைச் செய்துவிட்டார். ஊர் இன்னும் செய்யவில்லை.

2009 இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைபட்டபோது 'உளவளத்துணை' என்ற சொல் எங்கும் ஒலித்தது. பயிற்சிகள் பல நடந்தன. அவை தேவையாகவும் இருந்தன. ஆனால் மனச்சிதைவு, போரே காணாத நாடுகளிலும் வரும் நோய். ஆறுதல் வார்த்தையால் மட்டும் அது தணியாது. மருந்து வேண்டும்; மருந்துக்குப் பின் ஒரு வேலை வேண்டும். இழப்பால் வாடியோருக்குத் திட்டம் தீட்டிய நாம், 'விசர்' என்று ஊர் ஒதுக்கியவரை அத்திட்டங்களில் சேர்க்கத் தயங்கினோம்.

சேர்த்தபோதும் பிழையான வழியிலேயே சேர்த்தோம். முதலில் பயிற்சி, பிறகு வேலை என்பது எமது அபிவிருத்திப் பணியின் வாய்ப்பாடு. ஆறு மாதம் தையல், மெழுகுதிரி வார்த்தல், கடதாசிப் பை ஒட்டுதல். முடிவில் ஒரு விழா, ஒரு சான்றிதழ், ஒரு குழுப் படம். அந்த மெழுகுதிரிகளை யார் வாங்கினார்கள்? நாமே வாங்கினோம்.

1990களில் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் டெபோரா பெக்கர், ரொபர்ட் டிரேக் ஆகிய இருவரும் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டனர். வேலை செய்ய விரும்பும் நோயாளிக்கு முதலில் வெளியில், மற்றவர்களுக்குரிய அதே சம்பளத்துக்கு ஒரு வேலை தேடுவது. பழக்குவதை வேலைத்தலத்திலேயே செய்வது. வேலை கிடைத்தபின்னும் ஆளைக் கைவிடாதிருப்பது. ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் 312 நோயாளரிடையே இதனை ஒப்பிட்டுப் பார்த்து 2007 இல் முடிவை வெளியிட்டார்கள். இம்முறையில் 55 வீதமானோர் வேலைக்குப் போயினர். வழமையான பயிற்சி முறையில் 28 வீதமானோரே போயினர். திரும்பவும் வைத்தியசாலையில் சேர்ந்தோரும் புதிய முறையிலேயே குறைவு.

ஐரோப்பாவை வன்னியோடு ஒப்பிடலாமா என வாசகர் கேட்கக்கூடும். ஒரு வகையில் எமக்கு இது இலகு. இங்கே கூலிவேலைக்கு விண்ணப்பப் படிவம் இல்லை. முதலாளிக்கு ஆளைத் தெரியும். கஷ்டமும் அதுவேதான். ஆளைக் கட்டி வாகனத்தில் ஏற்றிய நாளும் முதலாளிக்குத் தெரியும்.

சீமெந்துக் கல் அரியும் ஒருவரிடம் ஓர் இளைஞருக்காகக் கேட்டுப் போனோம். "பாதர், நீங்கள் கேட்டதுக்காக வைச்சிருக்கிறன். ஆனால் அரைச் சம்பளம்தான்" என்றார். நாமும் தலையாட்டிவிட்டு வந்தோம். மூன்றாம் கிழமை அந்த இளைஞர் வேலைக்குப் போகவில்லை. "வருத்தம் திரும்பியிட்டுது" என்றது ஊர். வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, "மற்றவையள் அரியிற அளவு கல்லுத்தானே பாதர் நானும் அரியிறன்" என்றார். வருத்தம் திரும்பவில்லை. அவர் கணக்குப் பார்த்திருக்கிறார். அரைச் சம்பளத்துக்குச் சம்மதித்த பிழை எமது.

வேலையைத் தெரியும்போது மருந்தையும் நினைக்கவேண்டும். குளோர்புரோமசின் குளிசை எடுப்பவரின் தோல் வெயிலில் கருகும். லித்தியம் எடுப்பவர் வன்னி வெயிலில் தண்ணீர் குடியாமல் வியர்வை சிந்தினால் மருந்தே நஞ்சாகலாம். இரவில் போட்ட குளிசையின் மயக்கம் தீராத ஒருவரை விடியற்காலை ஆறு மணிக்கு வரம்பில் நிற்கச் சொன்னால் அவர் பிந்தித்தான் வருவார். சோம்பேறி என்ற பெயரும் வாங்குவார். குளோசப்பின் தொடங்கியவர் முதல் 18 வாரமும் வாரம் ஒருமுறை இரத்தப் பரிசோதனைக்குப் போகவேண்டும். இவற்றை முதலாளிக்கு விளக்குவது யார்? நோயாளி அனுமதித்தால் நாம் விளக்கலாம். அனுமதியாதபோது வாயைத் திறக்கும் உரிமை எமக்கில்லை. உதவுகிறோம் என்ற நினைப்பில் இதை நாம் பலமுறை மீறியிருக்கிறோம்.

அரச சேவையில் 3 வீத இடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும்படி 1988 இல் சுற்றறிக்கை வந்தது. 1996 இல் அவர்களது உரிமைகளுக்கான சட்டமும் வந்தது. நல்லவைதான். கல் அரிபவருக்கும் அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவருக்கும் அவை எட்டுவதில்லை.

அரசைக் கேட்குமுன் எம்மையும் கேட்கவேண்டும். மனித உழைப்புப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981 இல் எழுதிய சுற்றுமடலில் மாற்றுத்திறனாளிகளின் தொழிலுரிமைக்கென ஒரு தனிப் பகுதியே உண்டு. எமது பங்குமனைகளில், கன்னியர் மடங்களில், பண்ணைகளில் தோட்டக்காரர், சமையற்காரர், காவலாளி எனப் பலர் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். கடும் மனநோயிலிருந்து தேறியவர் அவர்களில் எத்தனை பேர்? எமது நிலையத்தில் எண்ணிப் பார்த்தோம். ஒருவருமில்லை. இப்போது நாற்றுமேடையைப் பார்க்க ஒரு பெண்மணி வருகிறார், முழுச் சம்பளத்துக்கு.

அந்த இளைஞரும் கல் அரிய மீண்டும் போகிறார். அரிந்த கல்லை எண்ணிக் கூலி. உச்சி வெயிலில் ஓய்வு, பின்னேரம் தகரக் கொட்டிலுக்குள் வேலை. கிளினிக் நாளில் அரைநாள் போனால் கூலியை வெட்டாதிருக்க முதலாளி இன்னும் சம்மதிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவரிடம் திரும்பவும் போகவிருக்கிறோம்.