உரோமம் நீக்கலும் உவர்நிலத்து மாதரும்

மரக்காணத்து உப்பளங்களிற் கால் வைத்தவர்க்கு ஒன்று விரைவில் விளங்கும். உவர்நீர் எந்தக் கீறலையும் விட்டுவைப்பதில்லை. முள்முனை யளவு புண்ணாயினும் தேடிச் சென்று கடிக்கும். வெயிலிற் பாத்தி யுப்பை வாரிக் குவித்தும், கூடையிற் சுமந்தும் நாள் கழிக்கும் பெண்டிர் இதனை நம்மினும் நன்கறிவர். ஆதலின், உடலில் வேண்டாத உரோமத்தை வீட்டிலேயே களைதல் பற்றி யாம் எழுதப் புகுங்கால், அது நகரத்தாரின் ஒப்பனைப் பேச்சென்று நகைத்தல் தகாது. கல்லூரி மலரில் இதற்கு இடமேன் என்பாரும் உளர். கூச்சத்தால் மறைத்துச் செய்யும் காரியங்களிலேயே நஞ்சு எளிதிற் புகுகின்றது என்பதே அவர்க்கு எமது விடை.

உரோமம் அழுக்கன்று, இழிவுமன்று. வேண்டாதார் களைக, ஏனையோர் விடுக. களைவார் தோலைக் காத்துக் களைய வேண்டுமென்பதே எம் வழக்கு.

முற்காலத்தார் அரிதாரத்தைச் சுண்ணாம்புடன் குழைத்துப் பூசினர். அரிதாரமோ ஆர்செனிக்கு அடங்கிய பாஷாணம். மேல்நாட்டாரும் இதிற் பின்னிடவில்லை. அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டை யொட்டி விற்கப்பட்ட 'கோரெம்லு' என்னும் களிம்பிற் கலந்திருந்தது தாலியம் அசிடேட்டு. தாலியம் எலிகளைக் கொல்லப் பயன்பட்ட நஞ்சு. அதைப் பூசிய மாதர் பலர் நரம்பு நோயுற்றனர். காக்க விரும்பிய தலைமயிரையும் இழந்தனர். அதற்குச் சற்று முன்னர், 1920களில், 'டிரைகோ' என்னும் எக்ஸ் கதிர் முறையால் முகத்து உரோமம் போக்கிக்கொண்டவர் சிலர்க்கு ஆண்டுகள் கழிந்தபின் தோலிற் புற்று கண்டது. நம் நாட்டிலும் பேரியம் சல்பைடு கலந்த பொடியை விழுங்கியோர் பொட்டாசியம் குறைந்து கைகால் தளர்ந்த செய்தியை மருத்துவ ஏடுகள் கூறும். பார்வைக்கு மாவு போன்ற அப்பொடியை அடுக்களையில் வைத்தல் பேதைமை.

இக்காலத்துக் களிம்புகளிற் பெரும்பாலானவை தயோகிளைக்கோலேட்டு என்னும் பொருளாற் செய்யப்படுவன. அது மயிரின் புரதத்திலுள்ள கந்தகப் பிணைப்பை அறுக்கிறது. தோலின் மேற்புறமும் அவ்வினப் புரதமேயாதலின், குறித்த நிமிடத்திற்கு மேல் விட்டால் தோல் வெந்துபோம். முழங்கையின் உட்புறத்திற் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பின்னரே பிறவிடத்திற் பூசுக. இவ்வெச்சரிக்கை டப்பியின்மேல் இல்லாமலில்லை. ஆனாற் பெரும்பாலும் ஆங்கிலத்தில், எறும்பின் தலையளவு எழுத்தில் உளது. தமிழ்நாட்டு மாதரிடம் பொருள் பெறுவார் தமிழில் அறிவுரை தரக் கூசுவது ஏனோ?

'சிரைத்தால் அடர்ந்து வளரும்' என்று அஞ்சுவார் பலர். மில்ட்ரெட் டிராட்டர் என்னும் அமெரிக்க உடற்கூற்றறிஞர் 1928லேயே இதனை ஆராய்ந்து, அங்ஙனமன்று எனக் காட்டினார். நுனி மழுங்கி வளர்வதாற் கைக்கு முரடாகத் தோன்றுகிறதே யன்றி, வேர் மாறுவதில்லை. சவரத்தின் உண்மைக் குற்றம் வேறு. கண்ணுக்குத் தெரியாத சிறு புண்களை அது விட்டுச் செல்கிறது. அறுவை மருத்துவத்திற்கு முன்னர் மயிரைச் சிரைத்தலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2016ல் விதித்ததும் இதனாலேயே. உப்பளம் செல்லும் பெண், வேலையில்லாத நாளுக்கு முன்னிரவில், வெந்நீரும் சவுக்காரமும் இட்டு, புதிய பிளேடாற், மயிர் சாய்ந்த திசையிலேயே மெல்லச் சிரைப்பாளாக. அக்காளும் தங்கையுமாயினும் ஒரே பிளேடைப் பகிர்தல் கூடாது. மஞ்சட்காமாலைக் கிருமி அவ்வழியே பரவும். மறைவிடங்களிற் சிறு கத்தரியால் ஒட்டக் கத்தரித்தலே யாம் விரும்புவது.

சர்க்கரையும் எலுமிச்சைச் சாறுங் காய்ச்சிய பாகை, கை பொறுக்கும் அளவு ஆறியபின் தடவிப் பறித்தெடுத்தலும் நன்றே. நீரிழிவுள்ளாரும் தோற்புண் உள்ளாரும் அதனை விலக்குக. குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் பூசுதல் நம் பாட்டியர் கண்ட வழி. அது வேரை அழிக்குமென்று யாம் துணியோம். பூசுவார் கிழங்கு மஞ்சளைத் தாமே அரைத்துக்கொள்க. கடைத்தூளில் ஈயக் குரோமேட்டைக் கலப்பார் உளர்.

இன்னுமொன்று. மோவாயிலும் மேலுதட்டிலும் தடித்த உரோமம் திடீரென அரும்பி, மாதவிலக்குந் தவறிவரும் பெண்ணுக்குத் தாய் மஞ்சளைப் பூசி மறைக்கிறாள். மணம் தடைப்படுமென்ற அச்சம் அவளை வாய்திறக்க விடுவதில்லை. அது சினைப்பை நீர்க்கட்டி நோயின் அறிகுறியாக இருத்தல் கூடும். இரத்தப் பரிசோதனையும் ஒலியலைப் படமும் அதனைக் காட்டும், மருந்தும் உண்டு. பூசிய மஞ்சளைக் கழுவிவிட்டு, அம்மகளை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு அத்தாய் இவ்வாரமே செல்வாளாக.